உருவு முடிச்சு

“பிரேக்கை விட்டுடு,” என்றான் கலியமூர்த்தி.

சூசை காதில் விழாதவன்போல் உட்கார்ந்திருந்தான். காருக்குள்தான் உட்கார்ந்திருந்தான், ஆனால் காருக்குக் கீழே ரோடு இல்லை. இரண்டு சலங்குப் படகுகளைப் பக்கம் பக்கமாகச் சேர்த்துக் கட்டி, குறுக்கே கனத்த பலகைகளைப் பரப்பி, அந்தப் பலகைமேல் காரை நிறுத்தியிருந்தார்கள். கரையிலிருந்து நீண்டிருந்த கடல்பாலத்துக் கிரேன் அதை இறக்கிவைத்துவிட்டுக் கொக்கியை மேலே இழுத்துக்கொண்டது. தண்ணீர் தூங்குகிறவன் மார்பைப்போல ஏறி இறங்கியது. அதோடு படகு, படகோடு கார், காரோடு சூசை.

“சொப்பேரே, உன்னத்தான் சொல்றேன். பிரேக்கை விடு.”

“விட்டா வண்டி உருளாதா?”

“சக்கரத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் கட்டை வச்சிருக்கு. நாலு மூலைக்கும் கயிறு போட்டிருக்கு. எங்க உருளும்?”

“அப்ப பிரேக்கும் இருந்துட்டுப் போவட்டுமே.”

கலியமூர்த்தி படகுத் தண்டல், வம்பாக்கீரப்பாளையத்துக்காரன். அவன் சொன்னால் பன்னிரண்டு துடுப்புகள் தண்ணீரில் விழும், அவன் சொன்னால் எழும். எதையும் இரண்டு தரம் சொல்லிப் பழக்கமில்லாதவன், மூன்றாம் தரமும் சொன்னான். சூசை பிரேக்கை விட்டான்.

அது முப்பத்து நாலாம் வருஷம், ஐப்பசி மாதம். காருக்குச் சொந்தக்காரரான வெள்ளைக்கார முசேவுக்குச் சைகோனுக்கு மாற்றல் வந்திருந்தது. காலையிலேயே மதாமையும் நாயையும் கூட்டிக்கொண்டு முதல் படகில் போய்க் கப்பலேறிவிட்டார். கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நின்றது. புதுச்சேரிக் கரைக்குக் கப்பல் வராது, சாமான்தான் கப்பலைத் தேடிப் போக வேண்டும். காரும் போகிறது, காரோடு அதை ஓட்டுகிற சொப்பேரும் போகிறான். மூன்று வருஷத்துக்குப் பேச்சு. முதலியார்பேட்டையில் ஒரு மனைக்கட்டு வாங்கிவிடலாம் என்று அவன் பெண்சாதி அந்தோணிமேரி ஆறு மாதமாகக் கனாக் கண்டுகொண்டிருந்தாள்.

புறப்படும்போது முசே சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். “வண்டி வந்தால் நீ வா, சூசை. வண்டி இல்லாமல் சொப்பேர் எனக்கு எதற்கு?”

அந்தச் சிரிப்பு சூசைக்கு மறக்கவில்லை.

சாமான் ஏற்றத் தயார் என்று கப்பலில் கொடி ஏறும்வரை படகுக்காரர்கள் பாலத்துமேல் ஏறிப்போய்க் கஞ்சி குடித்துவிட்டு வருவதென்று முடிவாயிற்று. சூசை வண்டிக்குக் காவல். தனியாக இருக்கும்போதுதான் அவன் கயிறுகளைப் பார்த்தான்.

மணிக்கட்டுத் தடிமன் தும்புக்கயிறு. காரின் அடி இரும்பில் கோத்துப் படகுச் சட்டத்துக்கு இழுத்துக் கட்டியிருந்தார்கள். கட்டு என்னவோ கெட்டியாகத்தான் இருந்தது. ஆனால் நாலு முடிச்சிலும் ஒரு முழ நீளத்துக்கு வால் தொங்கியது. ஒரு வாலை இரண்டு விரலால் லேசாக இழுத்துப் பார்த்தான். முடிச்சு நெகிழ்ந்தது. பதறிப்போய் மறுபடி இறுக்கினான். மாட்டுக்காரன் கன்றுக்குட்டியைக் கட்டுகிற முடிச்சு. ஒரு இழுப்பு இழுத்தால் உருவிக்கொண்டு வந்துவிடும்.

பிரேக்கும் கூடாது, முடிச்சும் இந்த அழகு. இவர்கள் என் வண்டியைக் கடலில் விடத்தான் போகிறார்கள் என்று சூசைக்குத் தோன்றிவிட்டது. தோன்றியது சும்மா இருக்குமா? சீட்டுக்கு அடியில் இருந்த பெட்டியைத் திறந்தான். கட்டுக்கம்பிச் சுருளும் குறடும் எடுத்தான். ஒவ்வொரு வாலையும் கயிற்றோடு சேர்த்து மடக்கி, ஐந்து சுற்றுக் கம்பி சுற்றி, குறட்டால் முறுக்கினான். மேலே சாக்குத்துண்டைப் போட்டு மூடினான். பிறகு உள்ளே போய்ப் பிரேக்கையும் இழுத்துப் போட்டான். குறட்டைப் பெட்டியில் வைத்து, கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டபோதுதான் அவனுக்கு மூச்சே வந்தது.

பாலத்து விளிம்பிலிருந்து அந்தோணிமேரி எட்டிப் பார்த்தாள்.

“ஏங்க, பொட்டி பத்திரமா இருக்கா?”

“வண்டிக்குள்ளதான் இருக்கு.”

“மேல ஊறுகா ஜாடி வச்சிருக்கேன். சாய்ச்சுப்புடாதீங்க. கடல் இன்னா இப்படிக் கறுத்துக் கெடக்கு?”

“ஐப்பசி கடல் அப்படித்தான் இருக்கும்.”

“உங்களுக்கு நீச்சல் வேற தெரியாது.”

“நானா நீஞ்சப் போறேன்? படகு போவுது, நான் குந்திக்கிட்டுப் போறேன்.”

கொடி ஏறியது. படகுக்காரர்கள் இறங்கி வந்தார்கள். கப்பல் கம்பெனி குமாஸ்தா இராமதாஸ் பாலத்திலிருந்தே பட்டியலைப் படித்தார். “மோட்டார் கார் ஒண்ணு, சாவி ஒண்ணு. சாமான் ரெண்டு. சாவி யார்கிட்ட?”

“என்கிட்ட,” என்றான் சூசை.

“கப்பல்ல கையெழுத்து வாங்கிக்கிட்டுக் குடு. புறப்படுங்கய்யா, காத்து மாறுது.”

பாலத்தின் மறைவு இருந்தவரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. அதைத் தாண்டியதும் வாடைக்காற்று பக்கவாட்டில் வந்து அறைந்தது. இரண்டு படகும் ஒரேமாதிரி ஏறவில்லை. வலது படகு ஏறும்போது இடது படகு இறங்கியது. நடுவில் பலகைகள் பல்லைக் கடித்தன. சலங்கில் ஆணி கிடையாது, பலகையைப் பலகையோடு கயிற்றால் தைத்த படகு. அது வளையும், முனகும், பார்க்கிறவனுக்கு உயிர் போகும்.

சூசை காரின் முன்பக்கத்தில் பலகையைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்தான். பக்கத்தில் துடுப்புப் போட்ட கொளஞ்சி அவனையே பார்த்துச் சிரித்தான்.

“இன்னா சொப்பேரே, மொகம் வெளுத்துப்போச்சு? சைகோன் போறதுக்குள்ள வெள்ளக்காரனாவே ஆயிடுவ போலக்கீது.”

“ஒண்ணுமில்ல.”

“பயப்படாத. கடல் முறைச்சா வண்டியத்தான் கேக்கும். குடுத்துட்டு நாம வூட்டுக்குப் போவலாம்.”

“குடுத்துட்டா?”

“பின்ன? அதுக்குத்தானே உருவு முடிச்சு. வாலை ஒரு இழு இழுத்தா, வண்டி தண்ணிக்கு, நாம கரைக்கு. இன்னா தண்டல், சரிதானே?”

பின்னால் சுக்கான் துடுப்பைப் பிடித்திருந்த கலியமூர்த்தி சிரிக்கவில்லை. “வாயை மூடிக்கிட்டுத் துடுப்பை வலி,” என்றான்.

சூசை திரும்பித் தண்டலிடம் கேட்டான். “எப்பவுமே இப்படித்தான் கட்டுவீங்களா?”

“இப்ப இப்படித்தான்.”

“முன்ன?”

கலியமூர்த்தி கப்பலையே பார்த்துக்கொண்டு பேசினான். “எங்க அண்ணன் தண்டலா இருந்தான். ஒரு பாய்லர் வந்துச்சு, கப்பல்லேருந்து கரைக்கு. கடல்ல போயிட்டா நட்டம்னு சங்கிலி போட்டுக் கட்டச் சொன்னாங்க. போட்டான். சங்கிலிக்குப் பூட்டும் போட்டாங்க. பாதி வழியில படகு ஒருக்களிச்சுச்சு. பாய்லரைத் தள்ளிட்டா படகு நிமிந்துக்கும். தள்ளணுமே. பூட்டு படகுல, சாவி கரையில. ஏழு பேரு.”

“வெட்டிவிட முடியாதா? கயிறுன்னா வெட்டலாம் இல்ல?”

“நனைஞ்ச தும்புக்கயித்த வெட்டிப் பாத்திருக்கியா? கத்தி வழுக்கும். ஒரு கயித்துக்கு நூறு வெட்டு. கடல் நூறு எண்ணுற வரைக்கும் பொறுக்குமா?” சுக்கான் துடுப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு சொன்னான்: “அன்னையிலேருந்து எங்க பாளையத்துல எவனும் சாமானைக் கடுமுடிச்சு போட்டுக் கட்டுறதில்ல. வெள்ளக்காரன் சொன்னாலும் சரி, கம்பெனி சொன்னாலும் சரி.”

சூசை நாலு சாக்குத்துண்டையும் பார்த்தான். அவை நனைந்து கயிற்றோடு ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றின் கீழே ஐந்தைந்து சுற்று. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். சொன்னால் இவர்கள் என்ன செய்வார்கள்? பதின்மூன்று பேர். நடுக்கடல். கப்பல் அதோ தெரிகிறது, இன்னும் அரை மைல்கூட இருக்காது. போய்ச் சேர்ந்துவிட்டால் யாருக்கும் தெரியவேண்டாம். மாதாவே, போய்ச் சேர்ந்துவிட்டால் போதும். வாயை மூடிக்கொண்டான்.

ஒரு அலை வந்தது. போயிற்று. இன்னொன்று வந்தது. அவன் ஒவ்வொன்றையும் கப்பலையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். கப்பல் நெருங்குவதாகவே தெரியவில்லை. யாரோ பின்னால் இழுத்துக்கொண்டு போகிறமாதிரி அதே தூரத்திலேயே நின்றது.

“தண்டல்,” என்றான் கொளஞ்சி. அவன் குரலில் இப்போது கேலி இல்லை. “வலது படகுல தையல் விட்டிருக்கு. காலுக்குத் தண்ணி வருது.”

“எவ்வளவு?”

“கணுக்கால்.”

“ரெண்டு பேரு எறைங்க. மத்தவன் வலி.”

இரண்டு பேர் துடுப்பை வைத்துவிட்டு மரத்தோண்டியால் இறைத்தார்கள். இறைக்கிற சத்தம் சீராக இருந்தது; பிறகு வேகமாயிற்று. சூசை அதையே கேட்டுக்கொண்டிருந்தான். படகின் வலது விளிம்பு தண்ணீரிலிருந்து ஒரு முழம் இருந்தது, முக்கால் முழமாயிற்று. கார் வலது பக்கம் சாய்ந்து நின்றது. உள்ளே அந்தோணிமேரியின் ஊறுகாய் ஜாடி உருண்டு கதவில் முட்டிய சத்தம் கேட்டது.

அந்தச் சத்தம்தான் அவன் வாயைத் திறந்தது.

“தண்டல்காரரே. நான் ஒண்ணு பண்ணிட்டேன்.”

“இன்னா?”

“கயித்து வாலையெல்லாம் கம்பி போட்டு முறுக்கிட்டேன். நாலையும். பிரேக்கையும் போட்டுட்டேன்.”

துடுப்புகள் ஒரு முறை தவறி விழுந்தன. கலியமூர்த்தி அவனைப் பார்த்த பார்வை கோபமாக இருந்திருந்தால் சூசைக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அது கணக்குப் போடுகிறவனின் பார்வை. எத்தனை பேர், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம்.

“கம்பிய எதால முறுக்கின?”

“குறட்டால.”

“குறடு?”

“வண்டிக்குள்ள. சீட்டுக்கு அடியில.”

“எடு.”

“பூட்டியிருக்கு.”

“அடப் பாவி,” என்றான் கொளஞ்சி மெதுவாக.

“சாவி எங்க?” என்று கேட்டான் கலியமூர்த்தி. அந்தக் கேள்வியில்தான் முதல்முதலாக அவன் குரல் நடுங்கியது.

“பையில இருக்கு. என்கிட்டயே இருக்கு.”

“அப்ப போ. முதல்ல பிரேக். அப்புறம் குறடு. முன்பக்கத்து ரெண்டு கயிறு போதும், அது ரெண்டும் விட்டா வண்டி தானா பின்னால போயிடும். நடக்காத, தவழ்ந்து போ.”

சூசை தவழ்ந்தான். கார் பளபளவென்று துடைத்த காராயிற்றே. பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்கவில்லை. காலடிப் பலகையில் மார்பை வைத்துப் படுத்து, பூட்டில் சாவியைப் போட்டான். சாவி மூன்று தரம் வழுக்கியது. நாலாம் தரம் திறந்தது. உள்ளே ஊறுகாய் எண்ணெய் சீட்டெல்லாம் பரவி, வீட்டு அடுக்களை வாசனை அடித்தது. பிரேக்கை விட்டான். விட்டதும் கார் அவனோடு ஒரு விரல்கடை பின்னால் நகர்ந்து கட்டையில் இடித்து நின்றது. அந்த ஒரு விரல்கடையில் அவனுக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. பெட்டியைத் துழாவிக் குறட்டை எடுத்தான். துணிப்பெட்டி அங்கேதான் இருந்தது. அதைத் தொட்டான். எடுக்கவில்லை.

“சீக்கிரம்,” என்று யாரோ சொன்னார்கள்.

இடது கயிறு. சாக்கைப் பிய்த்தான். கம்பியின் முனையைக் குறடு கவ்வியது, வழுக்கியது, கவ்வியது. காலையில் எவ்வளவு அக்கறையாக முறுக்கியிருக்கிறான். ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தான். ஐந்தாவது சுற்று விட்டதும் வால் பாம்புபோல் தளர்ந்து தொங்கியது.

வலது கயிறு தண்ணீருக்குப் பக்கம். அங்கே குனிந்தபோது ஒரு அலை தலைக்குமேலே வந்து கவிழ்ந்தது. கண்ணில் உப்பு, மூக்கில் உப்பு, உலகம் பச்சையாகி, பிறகு ஒன்றுமில்லாமல் போயிற்று. குறடு கையில் இருந்தது. அது மட்டும் தெரிந்தது. யாரோ அவன் இடுப்பு வேட்டியைக் கொத்தாகப் பிடித்திருந்தார்கள்.

“நான் புடிச்சிருக்கேன்யா,” என்றான் கொளஞ்சி காதருகில். “நீ உன் வேலையப் பாரு. ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே பிரி.”

“ஒண்ணு,” என்றான் சூசை. பல் கிட்டிக்கொண்டது. “ரெண்டு.”

ஐந்து வந்தது.

“ஆச்சு,” என்றான்.

“கட்டையப் புடுங்குங்க,” என்று ஆணையிட்டான் கலியமூர்த்தி. பின் சக்கரத்துக் கட்டைகளை இரண்டு பேர் நெம்பி எடுத்தார்கள். இப்போது காரைப் பிடித்திருந்தது அந்த இரண்டு முடிச்சு மட்டும்தான். “சொப்பேரே, ரெண்டு வாலையும் நீயே புடிச்சுக்க. நான் சொன்னா இழு. சொல்லாம இழுக்காத.”

“நானா?”

“நீதான்.”

சூசை நடுவில் மண்டியிட்டு இரண்டு வாலையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டான். காரின் முன்விளக்குகள் இரண்டும் அவன் முகத்துக்கு நேரே. தினம் காலையில் அவன் மெல்லிய தோல்துணியால் துடைத்த விளக்குகள். கப்பல் இப்போது உண்மையாகவே பெரிதாகியிருந்தது. மேல்தளத்தில் வெள்ளைத் தொப்பி ஒன்று தெரிந்தது. முசே. பக்கத்தில் நாய் குரைப்பதுகூடக் கேட்கிறமாதிரி இருந்தது. போய்விடலாம். இன்னும் நாற்பது துடுப்பு வீச்சு. சொல்லாதே, சொல்லாதே என்று அவன் மனசுக்குள்ளே கலியமூர்த்தியைக் கெஞ்சினான்.

“இடுப்பு வரைக்கும் தண்ணி,” என்றான் இறைக்கிறவன்.

“வலி.”

“தண்டல், விளிம்பு போவுது.”

“வலி, வலி.”

வடக்கே தண்ணீர் எழுந்தது. அலைமாதிரி வரவில்லை, தரையே தூக்கிக்கொண்டு வருகிறமாதிரி வந்தது. படகின் மூக்கு மேலே போயிற்று, வலது விளிம்பு உள்ளே போயிற்று.

“விடு,” என்றான் கலியமூர்த்தி.

தன் கை தயங்கும் என்றுதான் சூசை பயந்துகொண்டிருந்தான். கை தயங்கவில்லை. சொல் காதில் விழுமுன்பே இழுத்துவிட்டதுபோல இருந்தது. இரண்டு முடிச்சும் ஒரு சத்தமும் இல்லாமல் உருவிக்கொண்டு வந்தன. கார் அவனைப் பார்த்தபடியே பின்னால் போயிற்று. பின்கயிறு இரண்டும் தொய்ந்து, மறுபடி விறைத்து, வண்டியின் பாரம் தாங்காமல் படகுச் சட்டத்தைப் பெயர்த்துக்கொண்டு கூடவே போயின. பின்சக்கரம் பலகை விளிம்பைத் தாண்டியது. முன்விளக்குகள் வானத்தைப் பார்த்தன. பிறகு அந்த இடத்தில் நுரை இருந்தது, கொஞ்ச நேரம்.

படகுகள் துள்ளி நிமிர்ந்தன. விளிம்பு ஒரு முழம் மேலே வந்தது. பதினாலு பேரும் மூச்சு விட்டது ஒரே மூச்சாகக் கேட்டது. பெட்டி திறந்துகொண்டதோ என்னவோ, நீரின்மேல் ஒரு துணி மிதந்தது. அந்தோணிமேரி மடித்துக்கொடுத்த வேட்டி. அதுவும் போயிற்று.

“திருப்பு,” என்றான் கலியமூர்த்தி. “இந்தத் தண்ணியோட கப்பல் பக்கம் போனா மோதி நசுங்கிடுவோம். கரைக்குத் திருப்பு.”

வழியெல்லாம் இறைத்தார்கள், வலித்தார்கள். கப்பல் இரண்டு தரம் ஊதியது. சூசை அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவனுக்குக் கப்பல் பயமும் போய்விட்டது, கடல் பயமும் போய்விட்டது. பாலத்து இரும்புக்கால்கள் தெரியத் தெரிய வேறொரு பயம் வந்தது. இவர்கள் சொல்வார்கள். கம்பி சுற்றியவன் இவன்தான் என்று பதின்மூன்று பேரும் சேர்ந்து சொல்வார்கள். சொல்லாமல் எப்படி இருப்பார்கள்?

பாலத்து ஏணியில் ஏறினான். மேலே அந்தோணிமேரி அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். அவன் முகத்தையும் தலையையும் தடவிப் பார்த்தாள்.

“பொட்டி போச்சு,” என்றான் சூசை.

“போவுது.”

“சைகோனும் போச்சு, மேரி.”

“அதுவும் போவுது. குளிருதா?”

இராமதாஸ் பட்டியலும் பேனாவுமாக ஓடிவந்தார். “யாரு அவுத்தது?”

“நான்,” என்றான் சூசை.

“யாரு சொல்லி?”

“நான் சொல்லி,” என்றான் கலியமூர்த்தி.

“கட்டு சரியாத்தான் இருந்துச்சா? முசே எழுதிக் கேப்பாரு. கப்பல்லேருந்து பாத்துக்கிட்டு இருந்திருப்பாரு. நெசத்தைச் சொல்லுங்க, கட்டு எப்படி?”

சூசை வாயைத் திறந்தான். கொளஞ்சி தலையைக் குனிந்து தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் ஒரு துண்டுக் கம்பி இருந்தது.

“கட்டு உருவு முடிச்சு,” என்றான் கலியமூர்த்தி. “எப்பவும் போடுறதுதான். கேட்டா அப்படியே எழுதுங்க.”

கொளஞ்சி கையை மூடிக்கொண்டான்.

இராமதாஸ் எழுதினார். எழுதிவிட்டுத் தலையைத் தூக்கினார். “சரி, சாவி? பட்டியல்ல சாமான் ரெண்டு. சாவியாவது அனுப்பணும். தபால் படகு ஒண்ணு இன்னும் போவுது.”

சூசை சட்டைப் பைக்குள் கையை விட்டான்; சாவி அங்கேதான் இருந்தது, எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டான். பூட்டிலிருந்து எடுத்துப் பையில் எப்போது போட்டான் என்று அவனுக்கே தெரியவில்லை. பூட்டைத் திறந்ததும் சாவியை எடுத்துப் பையில் போடுவது சொப்பேர் கைக்குத் தானாக வருகிற பழக்கம். விரல்கள் திறக்கவில்லை. அந்தோணிமேரிதான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள்.

இராமதாஸ் கையை நீட்டினார். அதற்குள் கலியமூர்த்தி சாவியை எடுத்துக்கொண்டான். ஒரு கணம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், தேளைப் பார்க்கிறமாதிரி. பாலத்துக் கம்பிக்குமேலே கையை வீசினான். கீழே சத்தம்கூடக் கேட்கவில்லை.

“இன்னாய்யா பண்ற நீ?” என்றார் இராமதாஸ்.

“சாவி கரையில தங்கக் கூடாது.”

“நான் பட்டியல்ல என்னன்னு எழுதுறது?”

கலியமூர்த்தி ஈரத் தலைத்துண்டைப் பிழிந்தான். பிழிந்த தண்ணீர் சூசையின் காலடியில் விழுந்தது. “ரெண்டும் ஒண்ணாத்தான் போச்சுன்னு எழுதுங்க,” என்றான்.